தொட்ட இடம்

பூசை முடிந்து, சாமியார் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். மதர் ஹில்டாவும் இளைய சிஸ்டர் ஜெனோவாவும் காப்பிக்கு எழுந்து போய்விட்டார்கள். சிஸ்டர் பெர்பெத்துவா மட்டும் முழங்காலிலிருந்து எழுந்திருக்கவில்லை. பார்த்தவர்கள் பக்தி என்றுதான் நினைத்திருப்பார்கள். பக்தியாவது ஒன்றாவது. குனிந்த தலைக்குக் கீழே, அங்கியின் கைக்குள் வலது கையை விட்டு, இடது முழங்கையின் பின்பக்கக் குழியை நடுவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழியில் ஒரு நரம்பு ஓடுகிறது. வியாதி கண்டால் அது தடித்துப்போய்க் கயிறு மாதிரி விரலுக்கு அடியில் உருளும். ஓரியேந்தல் தொழுநோயாளர் இல்லத்துக்கு வந்த இந்தப் பத்தொன்பது வருஷத்தில் எத்தனை பேர் முழங்கையில் அதை உருட்டிப் பார்த்து, 'இந்தா, இதுதான், நல்லாத் தெரியுது பாரு' என்று சாவதானமாகச் சொல்லியிருப்பாள். சொந்த முழங்கை என்றதும் விரலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உருளுகிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. வலது முழங்கையோடு ஒப்பிட்டால் ஒரு தடவை இது தடிமன், மறு தடவை அது தடிமன். ஆண்டவரே, எனக்கு ஏன் இந்த, என்று தொடங்கிய ஜெபம் அந்த இடத்திலேயே முட்டிக்கொண்டு நின்றது. அடுத்த வார்த்தைக்கு வாய் வரவில்லை. சோதனை என்பதா, தண்டனை என்பதா. தேமல் என்று சொல்லித் தொலைத்தால் என்ன. தேமல்தான். முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கத்தில் பூவரச இலை அகலத்துக்கு வெளிறிப்போன ஒரு இடம், அவ்வளவுதான். தவக்காலத்தில் கண்ணில் பட்டபோது வெயில் என்று நினைத்தாள். ஈஸ்டர் பாஸ்காவுக்குள் போய்விடும் என்று தேங்காயெண்ணெய் தடவினாள். பாஸ்கா வந்தது, போனது, பூவரச இலை போகவில்லை. போன மாசம் டாக்டர் வந்தபோது அவர் பக்கத்திலேயே நின்று ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், அங்கியின் கையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டுக்கொண்டு. "சிஸ்டர், காப்பி ஆறுது," என்று ஜெனோவா கோவில் வாசலில் நின்று கூப்பிட்டாள். "இன்னிக்கு டாக்டர் வர்ற நாளாச்சே, மதர் உங்களைத் தேடுறாங்க." டாக்டர் வருகிற நாள். அது தெரியாமலா ராத்திரி பூராவும் விழித்துக்கிடந்தாள். எழுந்து, பீடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

காப்பியைக் குடித்தாளா, அப்படியே வைத்துவிட்டு வந்தாளா என்பது புண் கட்டும் அறைக்கு நடக்கும்போது ஞாபகத்தில் இல்லை. மதர் என்னவோ சொன்னார். மாத்திரை டப்பாவை எடுத்து வை, வெளியூர் ஆட்களுக்கு மோர் கரைத்து வை, இந்த வெயிலுக்கு ஏன் இப்படிக் கையை மூடிக்கொண்டு திரிகிறாய் என்று ஏதோ. அதற்கு என்ன பதில் சொன்னோம்? சனிக்கிழமை எண்ணெய் தெறித்துவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறேன், தூசி படக்கூடாது. பொய்யை எவ்வளவு அழகாக அடுக்கி வைக்கிறாய் பெர்பெத்துவா. தெறித்தது எண்ணெய் இல்லை. தெறிக்கவும் இல்லை. கஞ்சிப் பானையை இறக்கும்போது அதன் விளிம்பு இடது கையில் படிந்து நின்றிருக்கிறது. எவ்வளவு நேரம் நின்றதோ. முதலில் வந்தது வாசனைதான். யாரோ பிடிதுணியை அடுப்பில் விட்டுவிட்டார்கள் என்று அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அடுப்புக்குள் குனிந்து பார்த்தாள். ஜெனோவாவைக்கூட ஒரு சத்தம் போட்டாள். அப்புறம்தான் கீழே பார்த்தாள். கருகிக்கொண்டிருந்தது அவளுடைய தோல். ஒரு சொட்டு வலி இல்லை. 'வலிச்சாக் கையை இழுத்திருப்பேனே சிஸ்டர், வலிக்கலையே, அதான் வெந்துபோச்சு' என்று இங்கே வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிற அதே கதை. அவர்களிடம், அடுப்புக்கிட்ட போகும்போது கண்ணை எங்க வச்சிருந்தே என்று கேட்டிருக்கிறாள். கண்ணை எங்கேதான் வைத்திருந்தாள் இவள்? சீமைக் கருவேல மரங்களுக்கு மேலே வெயில் அதற்குள் வெள்ளையாக எழும்பிவிட்டது. நடைபாதைச் செங்கல் செருப்பையும் தாண்டிச் சுட்டது. சுடுவது தெரிந்ததில் ஒரு சின்ன சந்தோஷம். கால் நன்றாகத்தான் இருக்கிறது. இடது கைச் சுண்டுவிரலை விரித்தாள், மடக்கினாள், மற்ற விரல்களோடு சேர்த்து ஒட்டினாள். ஒட்டியது. நேற்று ராத்திரி மட்டும் எத்தனை தடவை ஒட்டியிருப்பாள். அது கொஞ்சம் விலகி நிற்கிறதா? பிறவியிலேயே அப்படித்தானா? தன் சுண்டுவிரல் எப்படி இருக்கும் என்பது இத்தனை வயசுக்கு அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

புண் கட்டும் அறை வாசலில் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் இந்த இல்லத்துக்காரர்கள், வியாதி குணமாகி எத்தனையோ காலம் ஆனவர்கள். மாத்திரையில் கிருமி போய்விட்டது, செத்த நரம்பு மட்டும் திரும்பி வரவில்லை, அதனால் கல் குத்தினாலும் தெரியாது, ஆணி ஏறினாலும் தெரியாது, புண் பட்டுக்கொண்டே இருக்கும். தினமும் காலையில் பேசின் தண்ணீரில் காலை ஊற வைத்து, காய்த்துப்போன தோலைப் பிளேடால் சீவி, எண்ணெய் தடவிக் கட்டவேண்டும். சொந்தபந்தங்கள் வரமாட்டார்கள். வந்தாலும் கேட்டுக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போவார்கள். அவர்களை வைது தீர்க்கிற வாய் பெர்பெத்துவாவுக்கு உண்டு. படிச்ச ஆளுதானே நீங்க, இது மாத்திரையில சரியாப்போற வியாதிங்க, சளி இருமல் மாதிரி நினைச்சுக்கங்க, தொட்டா ஒட்டாது, கூட ஒக்காந்து சாப்பிடலாம், என்று மூச்சு விடாமல் பேசுவாள். பிளேடைப் பிடித்துச் சீவிக்கொண்டே அந்தப் பேச்சை இப்போது மனசுக்குள் தனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ஒரு வார்த்தைகூட உள்ளே இறங்கவில்லை. ஆறு மாசமோ வருஷமோ மாத்திரை. தோல் கொஞ்சம் கருக்கும், அப்புறம் வெளுத்துவிடும். கை தப்பிவிடும். எல்லாம் அவளுக்கு அத்துபடி. அத்துபடியாக இருந்து என்ன, வயிற்றுக்குள் ஒன்று உட்கார்ந்துகொண்டு, போகாதே, காட்டாதே, அடுத்த மாசம் பார்த்துக்கலாம் என்கிறதே. அடுத்த மாசம், அதற்கடுத்த மாசம், ஆவணி வரைக்கும் தள்ளினால் போதும். ஆவணியில் தம்பி மகள் மெர்லினுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு திண்டுக்கல்லில் பெரிய இடம். தம்பி சூசைநாதன் போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "அக்கா, நீங்க எங்க இருக்கீங்கன்னு மாப்பிள்ளை வீட்டுல கேட்டாங்க. முதியோர் இல்லம்னு சொல்லி வச்சிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க." அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் கொஞ்சமா நஞ்சமா. உனக்கு வெட்கமாயிருந்தா கல்யாணத்துக்கே வரலைடா என்று போனை வைத்தாள். இப்போது அதே முதியோர் இல்லப் பொய்க்குள் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்க்கிறாள். அத்தைக்குப் பெருவியாதி என்று ஒரு வார்த்தை திண்டுக்கல் போய்ச் சேர்ந்தால் போதும். சிஸ்டர் என்று பார்ப்பார்களா, சேவை என்று பார்ப்பார்களா.

சில வருஷத்துக்கு முந்தி டாக்டர் நாளில் வந்த அந்த நெசவுக்காரர். அவர் முகம் காலையிலிருந்து கூடவே வருகிறது. நெற்றி, காது, முதுகு என்று தேமல், கையில் நரம்பு கயிறாக உருண்டது, அவளே உருட்டிப் பார்த்தாள். 'பொண்ணு கல்யாணம் முடியட்டும் சிஸ்டர், சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா நின்னுபோயிரும், முடிஞ்சதும் ஓடி வந்துர்றேன்' என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவள் விட்டாளா? இல்லத்து வராந்தா பூராவும் கேட்கிற மாதிரி, 'ஏன்யா, கை போனப்புறம் எந்தக் கையால தாலிய எடுத்துக் குடுப்பே' என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் திருப்தியாகப் போய்ச் சாப்பிட்டாள். அவர் கல்யாணம் முடித்து வந்தபோது இரண்டு விரல் மடங்கி உள்ளங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தது. 'பாத்தியா, நான் சொன்னேன்ல' என்றாள். அப்படி என்ன ஒரு ஆங்காரம் தனக்கு? அவர் மாத்திரையை வாங்கித் துண்டில் முடிந்துகொண்டு போனார். பொண்ணு நல்லாயிருக்கா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? கேட்கவில்லை. "சிஸ்டர், ரெத்தம் வருது," என்றார் எதிரில் உட்கார்ந்திருந்தவர், வேறு யாருடைய காலையோ பற்றிச் சொல்வது போல. பிளேடு ஆழமாகப் போயிருந்தது. அவள் பதறிப்போய்ப் பஞ்சை வைத்து அழுத்தினாள். "அட, விடுங்க சிஸ்டர், எனக்கென்ன வலிக்கவா போகுது," என்று அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னிச்சுக்கங்க என்று சொல்லி, வழக்கத்துக்கு இரண்டு சுற்று அதிகமாகவே கட்டி அனுப்பினாள்.

எல்லாவற்றுக்கும் முதலில் அது அதுதானா என்று தெரியவேண்டுமே. தெரியாத ஒன்றுக்கா இவ்வளவு அமர்க்களம். சோதனை என்ன பெரிய சோதனை, ஒரு துணுக்குப் பஞ்சு போதும். நோயாளியைக் கண்ணை மூடச்சொல்லி, பஞ்சு நுனியால் அங்கங்கே தொடவேண்டும், தொட்ட இடத்தை அவர் விரலால் தொட்டுக் காட்டவேண்டும். காட்டினால் உணர்ச்சி இருக்கிறது. காட்டாவிட்டால் இல்லை. பச்சைப் பிள்ளைக்குக்கூடப் புரியும். இத்தனை வருஷத்தில் ஆயிரம் கைகளிலாவது செய்திருப்பாள். ஆனால் தன் கையில் தானே செய்ய முடியாது என்பதை ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு நின்றபோதுதான் கண்டுபிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாலும் பஞ்சைப் பிடித்திருக்கிற கைக்கு எங்கே போகிறோம் என்று தெரிகிறதே. தேமலில் வைத்தால், ஆமாம் தெரிகிறது என்கிறது மனசு. உண்மையிலேயே தெரிந்ததா, வலது கை போய்ச் சொல்லிக் கொடுத்ததா? அப்புறம் என்னென்ன கோமாளித்தனம். கொடியில் ஈரத்துண்டைத் தொங்கவிட்டுக் காற்று வரும்போது அதன் கீழ் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். காற்றே வரவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து, தேமலில் வெல்லத் தண்ணீரைத் தடவி, எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வயசான ஒரு கன்னியாஸ்திரி எறும்புக்கு விருந்து வைத்துக்கொண்டு தவம் கிடக்கிறாள். எறும்பு ஏறினால் தெரியவேண்டும். காத்திருந்தாள், காத்திருந்தாள், கோவில் மணி அடித்துவிட்டது. கண்ணைத் திறந்தபோது ஒரு எறும்பு மணிக்கட்டில் இருந்தது. அது தேமல் வழியாக வந்ததா, விரல் பக்கமிருந்து ஏறியதா? எறும்பைக் கேட்கவா முடியும். இன்னொரு கை வேண்டும். வேறு யாராவது ஒருவருடைய கை. யாரிடம் கேட்டாலும், கேட்கிறதே சொல்கிற மாதிரிதான். பஞ்சை எடுத்து நீட்டிய அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிடும், அப்புறம் இல்லை என்று சொல்லி மழுப்ப முடியாது.

ஜெனோவாவிடம் கேட்கலாம். சின்னப் பெண், அழுதுவிடுவாள், அழுகையோடு மதரிடம் ஓடுவாள். மதரிடமே கேட்கலாம். மதர் நல்லவர்தான், கட்டிப்பிடித்துக்கொள்வார்கூட. அப்புறம் தாய் மடத்துக்குப் போன் போடுவார், 'சிஸ்டருக்கு ஓய்வு வேண்டியிருக்கு' என்பார். ஓய்வு. சிஸ்டர் கொன்சாகாவுக்கும் ஓய்வுதான் கொடுத்தார்கள். பெர்பெத்துவா புதிதாக வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியாஸ்திரியான சமயம், தாய் மடத்தில் வராந்தாவின் கோடி அறையில் கொன்சாகா இருந்தார். வேறொரு இல்லத்தில் சேவை செய்து வியாதி தொற்றி, மாத்திரை சாப்பிட்டுக் குணமாகி வந்தவர். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் சிரித்துப் பேசினார்கள். சாப்பாட்டு அறையில் மட்டும், எப்படியோ தெரியாது, அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகவே இருக்கும். வேறு இடம் இல்லாமல் நின்றுகொண்டு சாப்பிட்டவர்கள் உண்டு. பெர்பெத்துவாவும் நின்றிருக்கிறாள், தட்டைக் கையில் ஏந்தி, எனக்கு நின்னு சாப்பிடுறதுதான் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டு. கொன்சாகா ஒருநாள் நிமிர்ந்து பார்த்து, பக்கத்து நாற்காலியின் தூசியை முக்காட்டு நுனியால் தட்டிவிட்டார். அவ்வளவுதான். மறுபடி குனிந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அந்த முக்காடு தட்டிய சத்தம் இன்னும் காதிலிருந்து போகவில்லை. இந்த வேலைக்குப் பேர் கொடுத்ததே அந்தச் சத்தத்தை மறக்கத்தானோ என்னவோ. ஊரில் எல்லாரும் தைரியசாலி என்றார்கள். அம்மா கன்னத்தில் கை வைத்து அழுதாள். சுவிசேஷத்தில் ஆண்டவர் கையை நீட்டித் தொழுநோயாளியைத் தொட்ட இடத்தை வாசிக்கும்போதெல்லாம் அவள் அந்தக் கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நீட்டுகிற கை, தன்னுடைய கை. எதிரில் மண்டியிட்டவன் எங்கிருந்து நடந்து வந்தான், வழியில் எத்தனை தடவை திரும்பிப் போய்விடலாம் என்று நின்றான், அதை அவள் யோசித்ததே இல்லை. டாக்டர் மேஜைக்கு இந்தப் பக்கம் நாற்காலி, அந்தப் பக்கம் ஸ்டூல். நடுவில் என்ன இருக்கிறது, ஒரு மேஜை. அதைச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் உட்காரக் கால் வரமாட்டேன் என்கிறது.

"என்ன சிஸ்டர், நாந்தான் கடேசியா? ஊறப்போட்ட காலு அழுகியே போயிரும் போலருக்கு." இருளாயி வாசலில் நின்றாள். இந்த இல்லத்திலேயே பழைய ஆள், பெர்பெத்துவா வருவதற்கு முந்தியே வந்தவள். இரண்டு கையிலும் விரல்கள் மடங்கிக் குறுகிப்போய், கட்டைவிரல் மட்டும் பாதி நிற்கும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அடுப்பு மூட்டுவாள், கோலம் போடுவாள், வாயால் ஊரையே ஆட்டிவைப்பாள். உட்கார்ந்து காலை நீட்டினாள். சிஸ்டர் சீவ ஆரம்பித்தாள். வெளியே தூரத்தில் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டு, பிளேடு நின்றது. டாக்டர் ஜீப்பா? இல்லை, பஸ். "காலையிலருந்து பாக்குறேன், அந்த முழங்கையவே தடவிக்கிட்டு இருக்கீக. பூசையில தடவுனீக, நடந்து வரயில தடவுனீக." சிஸ்டர் கையைப் படக்கென்று எடுத்தாள். ஒன்றும் இல்லை, எண்ணெய் தெறித்தது, என்றாள். இருளாயி அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, எண்ணெய்னா எண்ணெய்," என்றாள். பிறகு சம்பந்தமில்லாமல், "இந்த வருசம் ஒங்க பொறந்த நாளுக்கு டீ போடவா, வேணாமா, இப்பவே சொல்லிருங்க. பாலு முன்கூட்டியே சொல்லி வைக்கணும்," என்றாள். சிஸ்டர் நிமிரவில்லை. வருஷா வருஷம் பிறந்த நாளன்று இருளாயி சொந்த அடுப்பில் டீ போட்டு, அந்தக் கட்டை விரல்களுக்கு நடுவே டம்ளரை இடுக்கிக்கொண்டு வந்து கொடுப்பாள். சிஸ்டர் வாங்கிக்கொள்வாள். ரொம்ப நல்லாயிருக்கு என்பாள். பேசிக்கொண்டே நடந்து வராந்தா திருப்பத்துக்குப் போய்ச் செம்பருத்திச் செடியில் ஊற்றிவிடுவாள். டீயில் ஒன்றும் ஒட்டாது. நூறு கூட்டத்தில் அதைப் பேசியவள் அவள். இருந்தாலும் தொண்டைக்குள் இறங்க மறுத்தது. முதல் வருஷம் ஊற்றியாயிற்று. அடுத்த வருஷம் குடித்துவிடவேண்டும் என்று நினைத்தாள், அடுத்த வருஷமும் ஊற்றினாள், அப்புறம் அதுவே வழக்கமாகிப்போனது. "எதுக்குக் கேக்குறேன்னா," என்றாள் இருளாயி, "செம்பருத்திக்குன்னா சீனி போடாமக் குடுத்துருவேன். போன தடவ எறும்பு மொச்சுப்போச்சு, செடி பட்டுப்போகப் பாத்துச்சு."

அறைக்குள் பேசினில் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. அதைத்தான் பார்த்தாள் சிஸ்டர் பெர்பெத்துவா. தலைக்குள் என்னென்னவோ ஓடியது: தெரியுமா, எப்போதிலிருந்து தெரியும், எல்லாருக்கும் தெரியுமா, தெரிந்தும் வருஷா வருஷம் பாலுக்குச் சொல்லி வைத்தாளா. வெட்கம் காதுவரைக்கும் சுட்டது. "யாருகிட்ட சொன்னே?" என்று கேட்டாள், கேட்டதும் அதற்கும் வெட்கப்பட்டாள். "இதப்போயி யாருகிட்டச் சொல்ல," என்றாள் இருளாயி. "புதுசா வந்த சிஸ்டருக எல்லாரும் அப்பிடித்தான். நீங்க கொஞ்சம் நாளு கூட எடுத்துக்கிட்டீக, அம்புட்டுத்தான். வாங்கிக்கிட்டீகல்ல? கையத் தட்டிவிடலைல்ல? எங்க அண்ணங்காரன் தண்ணிச் செம்ப நான் தொட்டேன்னு தெருவுலயே போட்டு நசுக்கினான்." பெர்பெத்துவாவுக்கு ஓவென்று அழவேண்டும் போலிருந்தது, சிரிக்கவேண்டும் போலவும் இருந்தது. இத்தனை வருஷம் ஒரு ரகசியத்தை வாயைத் திறக்காமல் வைத்திருந்த ஆள் எதிரிலேயே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஊர் வாயாடி என்று பேர் வாங்கியவள். பிளேடைக் கீழே வைத்தாள். அங்கியின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். கட்டை அவிழ்த்தாள். வெந்த புண் சிவப்பாக, அதைச் சுற்றி வெளிறிய இலை. இருளாயி குனிந்து பார்த்தாள். ஐயோ என்று சொல்லவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. சந்தையில் காய் பார்க்கிறவள் மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "எம்புட்டு நாளா?" "தவக்காலத்துல இருந்து." "டாக்டருகிட்ட?" "காட்டலை." "ம்," என்றாள் இருளாயி. "எனக்குத் தெரியணும் இருளாயி," என்றாள் சிஸ்டர், குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது. "நானே தொட்டுப் பாத்தா நிச்சயமாத் தெரிய மாட்டேங்குது. நீ தொடு."

"நானா?" இருளாயி கையைத் தூக்கிக் காட்டினாள். "எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே சிஸ்டர். தொட்டனா தொடலையான்னு கண்ணால பாத்தாத்தான் எனக்கே தெரியும்." அதனால் என்ன, நீ பார், நான் கண்ணை மூடிக்கொள்கிறேன், என்றாள் சிஸ்டர். பஞ்சைத் திரித்து நுனியாக்கி அந்தக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே வைத்தாள். "அப்ப எந்திரிங்க," என்றாள் இருளாயி. "ஒங்க நாற்காலிக்கு நான் வாரேன். எனக்கு அந்த ஒசரம் இருந்தாத்தான் எட்டும்." ஈரக்கால் தரையில் தடம் பதிக்க அவள் எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சிஸ்டர் பெர்பெத்துவா ஸ்டூலில் உட்கார்ந்தாள். உயரம் குறைந்த ஸ்டூல், எதிரில் இருப்பவரை நிமிர்ந்துதான் பார்க்கவேண்டியிருந்தது, இத்தனை நாள் இது தெரியவே தெரியாது. உட்காருவதற்குக் கால் வந்துவிட்டதே என்று ஒரு ஆச்சரியம் எங்கோ ஓரத்தில் ஓடியது. "கண்ண மூடுங்க. தொட்ட எடத்தத் தொட்டுக் காட்டணும். சும்மா ஒப்புக்குக் காட்டக் கூடாது, எனக்குத் தெரிஞ்சுபோகும்," என்றாள் இருளாயி, சிஸ்டருடைய அதே மிரட்டல் குரலில். சிஸ்டர் கண்ணை மூடினாள். இமைக்குள் சிவப்பு. உள்ளங்கையில் மெல்லிசாக ஒன்று பட்டது. உடனே வலது விரலால் தொட்டுக் காட்டினாள். "சரி." மணிக்கட்டில் பட்டது, காட்டினாள். "சரி." புறங்கையில் பட்டது, சுண்டுவிரல் நுனியில் பட்டது, அப்பா, சுண்டுவிரலில் தெரிகிறது, காட்டினாள், காட்டினாள். ஒன்றுமில்லை, ஒன்றுமே இல்லை, வெறும் தேமல், வெந்ததுகூட அவசரத்தில் கவனிக்காமல் விட்டதுதான், மெர்லின் கல்யாணத்துக்குப் போகலாம், அவளுக்கு ஒரு நீலக்கரைச் சேலை வாங்கிக் கொடுக்கலாம், இருளாயி டீயை இன்றைக்கே குடிக்கலாம், டாக்டர் வரட்டும், பக்கத்தில் நின்று பேரைக் கூப்பிடலாம். கேட்டுக்கு வெளியே ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஜெனோவா ஓடுகிற செருப்புச் சத்தம் கேட்டது. பேசினில் எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. சிஸ்டர் அடுத்த தொடுகைக்காகக் காத்திருந்தாள். இருளாயிக்குக் கை அசந்துபோனதோ என்னவோ, நிறுத்திவிட்டாள். வெளியே யாரோ, டாக்டர் வந்தாச்சு, டாக்டர் வந்தாச்சு, என்றார்கள். "சீக்கிரம் இருளாயி," என்றாள் சிஸ்டர், முகத்தில் சிரிப்புக்கூட வந்துவிட்டது. "அந்த இடத்துல மட்டும் தொட்டுப் பாத்துரு, போதும்." இருளாயி மூச்சு விடுகிற சத்தம் மட்டும் ரொம்பப் பக்கத்தில் கேட்டது. "தொடு இருளாயி."

"தொட்டுக்கிட்டுத்தான் சிஸ்டர் இருக்கேன்."